வெள்ளை வந்தால் வானம், சிவப்பு வந்தால் வீடு

"ரெகுலேட்டர்?" என்று கேட்டான் இனியன்.

"ஆன்" என்றாள் அவன் அம்மா ஜோதியம்மாள்.

"டியூப்?"

"வெடிப்பு இல்ல."

"குக்கர் வாஷர்?"

"கீது."

"'கீது'ன்னு பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாதும்மா. தொட்டுப் பார்த்துட்டு 'சரி'ன்னு சொல்லணும்."

ஜோதியம்மாள் மூடியைக் கழற்றி வாஷரைத் தொட்டுப் பார்த்து, "சரி" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படியில் நிற்கிறவள். இத்தனை வருஷத்தில் ஒரு வாஷரும் அவளை ஏமாற்றியதில்லை. ஆனால் மகன் ஒரு மாத லீவில் வந்து இறங்கியதிலிருந்து, இந்த வீட்டில் உலை கொதிப்பதற்குள் தெருவே சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறது.

இனியன் விமானப்படையில் விங் கமாண்டர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவன் அப்பா பரசுராமன் டீக்கடையில் சொல்லி வைத்திருப்பதன்படி, அவன் ஓட்டுவது போர் விமானம். உண்மையில் அவன் ஓட்டுவது சரக்கு விமானம். வடகிழக்கு எல்லையில், ரோடு போய்ச் சேராத மலைகளில் இருக்கிற ராணுவ முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், முட்டை, சில நாள் உயிரோடு ஆடு என்று கொண்டுபோய் இறக்குவான். முட்டை உடையாமல் இறக்கிய அன்றைக்கு அவனுக்குத் தீபாவளி. ஆடு விஷயம் திருவண்ணாமலையில் இந்த வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

அந்த வேலையில் ஒன்றுவிடாமல் கேட்டு, ஒன்றுவிடாமல் பதில் வாங்கித்தான் எதையும் தொடுவார்கள். அப்படிச் செய்யாதவர்கள் பென்ஷன் வாங்குகிற வயதுக்கு வருவதில்லை. லீவில் வந்தால் யூனிஃபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். பழக்கத்தை எந்த ஆணியில் மாட்டுவது?

இப்போது அவனுக்கு வந்திருந்த சோதனை ஒரு மெயில். படையில் சேர்ந்தபோது போட்ட பதினான்கு வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது. தொடர்ந்து இருக்கிறீர்களா, விடைபெறுகிறீர்களா? திங்கள்கிழமை மதியத்துக்குள் பதில் வர வேண்டும். ஒரு முறை அனுப்பிய பதிலை மாற்ற முடியாது என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

விடைபெற்றால் வேலை தயாராக இருந்தது. பைபாஸ் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக அதிகாரி. பயணிகள் விமானக் கம்பெனிக்கும் போகலாம்தான். ஆனால் அதுவும் ஊர் ஊராய்ப் படுத்து எழுவதுதான். அதற்கு இங்கேயே இருந்துவிடலாமே என்று அதை அவன் அப்போதே ஒதுக்கிவிட்டான். ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. வானமா, வீடா?

அவன் மனசுக்குள் என்ன இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. விடிகிற நேரத்தில் இரண்டு மலைக்கு நடுவில் இறங்கும்போது, துண்டு நிலம் மாதிரி ஓடுதளம் தெரியும். அதன் ஓரத்தில் குளிரில் கையை வீசிக்கொண்டு ஜவான்கள் நிற்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் இன்னொரு பதினான்கு வருஷமும் ஆடு ஏற்றத் தயார். அவனுக்குப் பறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வயசாகிறது. மனைவி கீதாஞ்சலி கீழ்பென்னாத்தூர் அரசுப் பள்ளியில் டீச்சர். அவன் இருக்கிற இடத்தில் குடும்பத்தோடு தங்க முடியாது என்பதால் மாமியார் வீட்டிலிருந்தே பஸ் பிடித்துப் போய் வருகிறாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. இதை நினைத்தால் அவனுக்குக் குற்ற உணர்ச்சியில் சோறு இறங்காது.

அதனால் ராத்திரி சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொல்லி, மூன்று பேரையும் கேட்டான்.

சாம்பார்ச் சட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் ஜோதியம்மாளின் கரண்டி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "வந்துடு கண்ணு. எத்தினி நாளைக்குத்தான் அங்க கெடந்து அல்லாடுவ" என்றாள்.

வயசான காலத்தில் பிள்ளை பக்கத்தில் இருப்பதைவிட வேறென்ன வேண்டும் என்று பரசுராமன் ஃபேனைப் பார்த்துச் சொன்னார். கீதாஞ்சலி, "உங்க இஷ்டங்க. வந்தா சந்தோஷம்தான்" என்று சொல்லிவிட்டு ரசத்தை எடுக்க உள்ளே போனாள். ரசம் அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"காலேஜ் கிட்டக்கதானேம்மா. மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கே வந்துடுவேன்" என்றான் இனியன்.

"மதியமுமா?" என்றாள் ஜோதியம்மாள். அவள் கண்ணில் நீர் கட்டியது.

இனியன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஒரு தாய்க்கு இவ்வளவு ஏக்கமா என்று அவனுக்குத் தோன்றியது. இருந்தும், இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன் என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. மலைகளுக்கு நடுவில் நிமிஷத்தில் நூறு முடிவு எடுக்கிறவனுக்கு இந்த ஒரு முடிவு மட்டும் வர மறுத்தது.

"அப்போ அம்மன்கிட்ட பூப்போட்டுப் பார்த்துடலாம்" என்றாள் ஜோதியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தெருக்கோடியில் சின்னதாய் ஓர் அம்மன் கோயில் உண்டு. பெண் கொடுக்கவும் மனை வாங்கவும் அந்தத் தெருக்காரர்கள் அங்கேதான் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு மங்களம், அதனால் சிவப்பு வந்தால் வீடு, வெள்ளை வந்தால் வானம் என்று பேசி முடித்தார்கள். திங்கள்கிழமை காலை பூஜை முடிந்ததும் என்று நாள் குறித்தாயிற்று.

முடிவு அம்மன் தலையில் போய்விட்டதால் இனியனுக்குக் கை காலியானது. இருக்கிற நாளில் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு செய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினான்.

முதலில் மாட்டியது அப்பாவின் மொபெட். பின்விளக்கு எரியவில்லை, பிரேக் ஒயர் நைந்திருந்தது. அவர் அதில்தான் தினமும் இரண்டு வேளை டீக்கடைக்குப் போவார். இனியன், ஓட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக ஹேண்டில் பாரில் சிவப்புத் துணியைக் கட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பக்கத்து வீட்டில் ஸ்பேனர் செட் வாங்கி அவனே பிரித்து, அவனே துடைத்து, அவனே மாட்டினான். வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. பரசுராமன் மகிழ்ந்துபோய் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இருங்கப்பா" என்றான் இனியன். "ஒரு ஸ்பேனர் கொறையுது."

விமானத்தைப் பழுது பார்த்த பிறகு எடுத்த கருவியில் ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கிறவரை விமானம் நகரக் கூடாது. உள்ளே எங்காவது கிடந்தால் ஆபத்து. பரசுராமன், அந்த ஸ்பேனரைத் தானே கையோடு பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கண்ணால் பார்க்காமல் வண்டியை விட முடியாது என்றான் மகன். பக்கத்து வீட்டுக்காரரோ வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வேலூருக்குப் போய்விட்டார், வர ஒரு வாரம் ஆகும்.

"என் வண்டிப்பா அது" என்றார் பரசுராமன்.

"உங்க உயிருப்பா அது" என்றான் இனியன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். தான் இல்லாத இத்தனை வருஷமும் இந்த மனுஷர் எப்படி உயிரோடு இருந்தார் என்று இனியனுக்குத் திகிலாக இருந்தது.

அடுத்து கீழ்பென்னாத்தூரில் காதுகுத்து. இனியனின் தங்கை தமிழ்செல்வியின் குழந்தைக்கு. தாய்மாமன் இனியன்தான், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். சொந்தக்காரர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன் பேசியிருந்தார்கள்.

வேன் வந்து நின்றதும், யாரும் ஏற வேண்டாம் என்று இனியன் கையைக் காட்டினான். ஆளும் சாமானும் கண்டபடி ஏறினால் வண்டியின் பாரம் ஒரு பக்கமாகச் சாயும் என்று விளக்கினான். சீர்த்தட்டு எது, வாழைத்தார் எது என்று தூக்கிப் பார்த்து எடை சொன்னான். அது வரைக்கும் எல்லோரும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் ஆட்களிடம் வந்தான்.

"பெரியம்மா, நீங்க உத்தேசமா எவ்ளோ இருப்பீங்க?"

பெரியம்மா மணியம்மாள் முறைத்துக்கொண்டே ஒரு கணக்கைச் சொன்னாள்.

"அது பழைய கணக்கு பெரியம்மா. இப்போ ஜாஸ்தி" என்றான் இனியன், மரியாதையாக.

மணியம்மாள் வேனில் ஏற மாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஆள் பேச வேண்டியிருந்தது. ஒருவழியாக அவளை நடு சீட்டில், சரியாகப் பாரத்தின் மையத்தில் உட்கார வைத்தார்கள். வண்டி கவிழ்ந்தால் எந்த ஜன்னல் வழியாக யார் முதலில் குதிப்பது என்றும் இனியன் சொல்லிக் கொடுத்தான். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் இந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு பெண்கள் இறங்கி, சூடம் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

கீழ்பென்னாத்தூரில் நல்ல நேரம் இவர்களுக்காக நிற்கவில்லை. இனியனுக்குப் பங்காளி முறையில் யாரோ ஒருவர் மடி கொடுத்து, காது குத்தி, குழந்தை அழுது முடித்துத் தூங்கியும் போயிருந்தது.

"இத்தினி வருஷமா வராதவன் இந்த வருஷம் மட்டும்..." என்ற தமிழ்செல்வி முடிக்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் அண்ணன் இல்லாமல் எவ்வளவு தவித்திருக்கிறாள் என்று இனியனுக்கு நெஞ்சு கனத்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். பறந்துவிட்டு வந்தால் அன்றைக்கு எது சரியாக நடந்தது, எது பிசகியது என்று உட்கார்ந்து பேசுவது அங்கே வழக்கம். காதுகுத்தில் ஆரம்பித்த பேச்சு, முந்தின நாள் கீதாஞ்சலி வைத்த காரக்குழம்பில் வந்து நின்றது.

"இது கொற சொல்றது இல்ல, கீதா. அடுத்த தடவை இன்னும் நல்லா வரணும்ல?"

"ஸ்கூல்ல நாள் முழுக்க நான் பசங்களைத் திருத்தறேன்" என்றாள் கீதாஞ்சலி. "வீட்டுக்கு வந்தா என்னைத் திருத்த நீங்க இருக்கீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இனியனும் சிரித்தான். எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டான்.

அதே மாடியிலிருந்துதான் அவன் அந்தக் காட்சிகளைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயில் என்றால் வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிற அப்பா, அன்றைக்கு நின்றுவிட்டார். வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த தர்மாம்பாளிடம் குனிந்து வெகுநேரம் பேசினார். தர்மாம்பாள் கோயில் குருக்கள் சாம்பமூர்த்தியின் மனைவி. பூப்போட்டுப் பார்க்கிற பொட்டலம் மடிப்பதும் அவள்தான். சனிக்கிழமை ஜோதியம்மாள் விளக்குக்கு எண்ணெய் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அவளும் தர்மாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீதாஞ்சலி. மல்லிப்பூ வாங்கப் போனவள், தர்மாம்பாளிடம் ஏதோ சொல்லிவிட்டு, பூவை மறந்து கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், மூன்று பேர். தன் காதுபடச் சொன்னால் தன் மனசு கஷ்டப்படும் என்று, அம்மனிடமும் மாமியிடமும் போய் மன்றாடுகிறார்கள். இவர்களைவிட்டு ஆட்டுக்கும் முட்டைக்கும் ஓடப் பார்த்தோமே என்று இனியனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் கண் கலங்கியது. அதை மறைக்க மலையைப் பார்த்தான். மலைக்கு மேலே, வெகு உயரத்தில், ஏதோ பயணிகள் விமானம் ஒன்று சின்னக் கோடு போட்டுக்கொண்டு போனது. மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு இறங்கிக் கோயிலுக்குப் போனான்.

"மாமி, நாளைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பே வெச்சுடுங்க" என்றான்.

தர்மாம்பாள் பூத்தொடுக்கும் கையை நிறுத்தினாள். "நீங்களுமா?" என்றாள்.

விமானம் ஓட்டுகிறவனுக்கும் சாமி நம்பிக்கையா என்று கேட்கிறாள் என இனியன் எடுத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"நன்னா யோசிச்சேளா?"

"எனக்காக இல்ல மாமி. வீட்ல இருக்கறவங்களுக்காக."

தர்மாம்பாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவாளுக்காகவா" என்றாள். அப்புறம், "அம்மன் முன்னாடி கேள்வி உங்களோடது. நீங்க சொல்றபடி வெக்கறேன்" என்று சிவப்பு அரளிக் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை காலையில் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்றே தோன்றும். பரசுராமன் சலவை வேட்டி. ஜோதியம்மாள் முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு. கீதாஞ்சலி பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, தலை நிறைய மல்லிகையோடு வந்திருந்தாள். வழியில் அவள் இனியனின் கையைத் தொட்டு, "எது வந்தாலும் நல்லதுக்குத்தாங்க, வருத்தப்படாதீங்க" என்று வேறு சொன்னாள்.

சாம்பமூர்த்தி குருக்கள் தீபாராதனை காட்டி, பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். இனியன் ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

சிவப்பு.

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். அப்போதும் சிவப்பாகவே இருந்தது. கீதாஞ்சலி தர்மாம்பாளைப் பார்த்தாள். தர்மாம்பாள் அம்மனைப் பார்த்தாள்.

"சாமி, இன்னொரு தபா போட்டுப் பார்க்கலாமா?" என்று ஜோதியம்மாள் கேட்டாள்.

உத்தரவு ஒரு தடவைதான் என்று குருக்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜோதியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். பரசுராமன், ரொம்ப சந்தோஷம் என்று இரண்டு தடவை சொன்னார். இனியன் இருவரையும் அணைத்துக்கொண்டான். தான் செய்தது சரிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு? தன் ஆசை போனது போகட்டும், இந்தக் கண்ணீருக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

அங்கேயே, கோயில் படியில் உட்கார்ந்து போனை எடுத்தான். விடைபெறுகிறேன் என்று அடித்தான். அனுப்புவதற்கு முன் முறை என்று ஒன்று உண்டு.

"பெறுநர்?" என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற கீதாஞ்சலி எட்டிப் பார்த்தாள். "சரி" என்றாள்.

"பேரு, நம்பர்?"

"சரி."

"அனுப்பினா மாத்த முடியாது. தெரியும்ல?"

கீதாஞ்சலி வாயைத் திறந்தாள். மாமனாரைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டைக்கும் குண்டுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளையிடம், புருஷனிடம், வராதே என்று யாரால் வாய்விட்டுச் சொல்ல முடியும்?

"சரி" என்றாள்.

அனுப்பிவிட்டான்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஸ்பேனரைக் காட்ட வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் வேலூரிலிருந்து வராததால் பரசுராமன் பின்னால் தனியாக, மெதுவாக நடந்தார். இனியன் தட்டில் தட்சிணை வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். மனசில் ஒரு பக்கம் வலி, ஒரு பக்கம் நிறைவு. பூக்கூடையை எடுத்துக்கொண்டு தர்மாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லலேன்னா எனக்கு இன்னிக்குச் சாப்பாடு எறங்காது, தம்பி" என்றாள். "அப்பா, அம்மா, உங்க சம்சாரம், மூணு பேரும் தனித்தனியா வந்து, 'ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுடுங்கோ மாமி, அவர் அங்கேயே நன்னா பறந்துண்டு இருக்கட்டும்'னு என் கையைப் பிடிச்சுண்டு கெஞ்சிட்டுப் போனா, உங்க வீட்டுல சிவப்பு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."